பத்துப் பேரும் ஒரு பொத்தானும்

திரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பொத்தான் ஒன்று "இங்கே தொடவும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. ரிக்‌ஷாக்காரர் பாக் தர்முஜி (பாக் என்றால் அங்கே ஐயா) அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டுவிட்டார். இயந்திரத்தின் இடப்பக்கத்தைத் தட்டினார். வலப்பக்கத்தைத் தட்டினார். பிறகு குனிந்து, காகிதம் வெளியே வரும் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

மூன்றடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரத்ரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சோதனை நடக்கும்போது திரையை வடிவமைத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அது விதி.

"உள்ளே ஆள் இல்ல போல இருக்கு கண்ணு" என்று அவளிடம் வருத்தத்தோடு சொல்லிவிட்டு தர்முஜி நகர்ந்தார்.

மற்ற ஒன்பது பேரும் இதே கதைதான். ரத்ரி நோட்டில் எழுதினாள்: பத்துக்குப் பூஜ்யம்.

பிறப்பு, இறப்பு, வீடு மாற்றம், திருமணம் என்று எந்தக் கடிதமானாலும் சுமுர்வாத்து வட்டார அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இனி தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஜகார்த்தாவிலிருந்து வந்திறங்கிய இயந்திரம் அது. அதன் திரையை வரைந்தவள் ரத்ரி. ஏழு மாத உழைப்பு. நிறுவனம் அவளை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் வேலை. ஒரு மாதம் சோதனை, கடைசி நாளில் மாகாண அதிகாரி வந்து பார்ப்பார். பத்துப் பேரில் எட்டுப் பேர் யார் உதவியும் இல்லாமல் கடிதம் எடுத்துவிட்டால் மாகாணம் முழுக்க இதே இயந்திரம். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளுடைய இயக்குநர் சொல்லவில்லை. "உன் எதிர்காலம் உன் கையிலதான் இருக்கு" என்று மட்டும் சிரித்தபடி சொல்லியிருந்தார்.

சோதனைக்கு வந்த பத்துப் பேரையும் பிடித்துக் கொடுத்தது இபு கதர்சி. மூன்றாம் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள்; ஊருக்கே இபு, அதாவது அம்மா.

"நீ வெளியூர்ப் பொண்ணு. நீ கூப்பிட்டா எவனும் வர மாட்டான். நான் சொன்னா வருவாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னபடியே தினமும் அதே பத்துப் பேரைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினாள். கூடவே ரத்ரிக்குச் சூடான தேநீர், பொரித்த வாழைப்பழம். இப்படி ஒரு ஊரா என்று ரத்ரிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

அன்று மாலை அவள் இயக்குநர் பாக் வீர்யவானைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நல்ல வடிவமைப்புக்கான பத்து விதிகள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவர் பேசுவார். உபயோகிக்கிறவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். நேரில் ஒருவரையும் பார்த்ததில்லை.

"பயனர் தப்பே பண்ண மாட்டார், ரத்ரி. தப்பு பண்றது நாமதான்."

"அவர் மெஷினுக்குள்ள ஆளைத் தேடினார், பாக்."

"தேடட்டுமே. அது அவரோட மனசுல இருக்கிற சித்திரம். நாமதான் அதை மதிக்கணும். மொதல் விதி என்ன? கண்ணுல படணும். பட்டனைப் பெரிசாக்கு."

பெரிதாக்கினாள். மறுநாள் பொத்தான் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. தெம்பே என்ற சோயா வில்லை விற்கும் சுவார்த்தி அதன் முன்னால் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு. இவ்வளவு பெரிய பட்டனை அமுக்கினா ஊருக்கே கரண்ட் போயிடும்."

பத்துக்குப் பூஜ்யம்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றாள் கதர்சி, ரத்ரியின் தட்டில் இன்னொரு வாழைப்பழத்தை வைத்தபடி. "நாங்க கவுண்டர்ல என்ன பண்ணுவோம்? 'நிச்சயமா இந்தக் கடிதம்தான் வேணுமா'ன்னு ஒரு தடவை கேட்டுக்குவோம். கேட்டா ஜனங்களுக்குத் தைரியம் வரும்."

வீர்யவானுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. "ஐந்தாம் விதி. தப்பு நடக்கும் முன்னாடியே தடுக்கணும். பார்த்தியா, களத்துலேர்ந்து வர்ற குரல். இதைத்தான் நான் எப்பவும் சொல்றேன்."

எனவே ஒவ்வொரு படியிலும் "நிச்சயமாகவா?" என்று கேட்டது இயந்திரம். கீழே "ஆம்", "இல்லை".

தர்முஜி ரொம்ப நேரம் யோசித்தார். "நாளைக்கு நான் உயிரோட இருப்பேனான்னே நிச்சயம் இல்ல. இது எதைக் கேக்குதுன்னு தெரியலையே" என்று சொல்லி "இல்லை"யை அமுக்கினார். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் "இல்லை"யை அமுக்கினார்கள். ஒவ்வொருவரும் போகும்போது ரத்ரியைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார்கள்.

"பக்தியுள்ள ஊரும்மா இது" என்றாள் கதர்சி. "நிச்சயம்னு சொல்ல வாய் வராது. நடுவுல 'ஆண்டவன் நாடினால்'னு ஒண்ணு வெச்சுப் பாரேன்."

வைத்தாள். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள் ஒரு முழு இரவும் உட்கார்ந்து "ஆண்டவன் நாடினால்" பொத்தானுக்கு என்ன நிறம் என்று யோசித்தாள். கடைசியில் இளம்பச்சை. மறுநாள் பத்துப் பேரும் அதை அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஆண்டவன் நாடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

இரண்டாம் வாரம் அம்புக்குறி போயிற்று. திரையின் இடது மூலையில் திரும்பிப் போவதற்கு ஓர் அம்பு இருந்தது. சுவார்த்தி அதைப் பார்த்தாள், அது காட்டும் திசையைப் பார்த்தாள், அந்தத் திசையில் இருந்த வாசல் வழியே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பாவம், வெள்ளந்தி" என்றாள் கதர்சி. "அம்பை எடுத்துடேன்."

"எடுத்தா, தப்பா போனவங்க எப்படித் திரும்பி வருவாங்க இபு?"

"இதுவரைக்கும் யாராவது போயிருக்காங்களா, திரும்பி வர்றதுக்கு?"

ரத்ரி அம்பை எடுத்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் குரல் வந்தது. எழுத்து படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பேச்சு உதவும் என்பது கதர்சியின் யோசனை. அதுவும் பெரியவர்களிடம் பேசும் உயர்ந்த ஜாவா மொழியில் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மரியாதைக்குறைவு. வீர்யவான் கண் கலங்காத குறை. "உள்ளூர்ப் பண்பாடு. ரத்ரி, இதை நான் மாநாட்டுல பேசப்போறேன்."

"தாங்கள் திருவுளம் கொண்டு தங்கள் மேலான விரலை வைத்தருள வேண்டும்" என்றது இயந்திரம்.

தர்முஜி தொப்பியைக் கழற்றினார். செருப்பையும் கழற்றினார்.

"நீங்க மொதல்ல" என்றார்.

"தாங்கள் திருவுளம் கொண்டு" என்று மறுபடி ஆரம்பித்தது.

"ஐயோ, பரவாயில்லம்மா, நீங்க முடிங்க, நான் நிக்கிறேன்."

பதினோரு நிமிடம். விதியை மீறி ரத்ரி வாயைத் திறந்துவிட்டாள். "பாக், நீங்க அமுக்கினாத்தான் அது நிறுத்தும்."

"பெரிய வீட்டுப் பொண்ணு பேசிட்டிருக்கு. நடுவுல விரலை நீட்டுறதா? எங்கப்பா என்னை அப்படி வளர்க்கலை கண்ணு."

அன்று ரத்ரி கழிப்பறையில் போய் அழுதாள். தான் ஏழு மாதம் யாருக்காக வரைந்தோம் என்று யோசித்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்த பழைய திரையின் படத்தை எடுத்துப் பார்த்தாள். நான்கு சொல், ஒரு பொத்தான். எவ்வளவு கர்வம் தனக்கு என்று நினைத்து அதைக் கிழித்துப் போட்டாள். வெளியே வந்தபோது கதர்சி முகம் துடைக்கத் துணியோடு நின்றிருந்தாள்.

"அழாதே. நீ நல்லாத்தான் பண்றே. சொல்லுக்குப் பதிலா படம் போட்டுப் பாரு. கடைசியா ஒரு முயற்சி."

படம் போட்டாள். பிறப்புக்குத் தொட்டில், வீடு மாற்றத்துக்கு லாரி, திருமணத்துக்கு மோதிரம். இறப்புக்கு எதைப் போடுவது? மண்டை ஓடு என்றால் பயந்துவிடுவார்கள் என்று கதர்சி சொன்னதால், கல்லறைகளில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளை கம்போஜா பூவைப் போட்டாள். எல்லாப் படத்திலும் அதுதான் அழகாக வந்திருந்தது.

கடைசி நாள் காலை மாகாண அதிகாரி பாக் ஹெந்தார்த்தோ ஐந்து பேர் புடைசூழ வந்தார். ஜகார்த்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஜாவா மொழி தெரியாது. அவசரக்காரர். பத்துப் பேரும் குளித்து, நல்ல சட்டை போட்டு வரிசையில் நின்றார்கள். பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தோற்றார்கள். தர்முஜி இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகினார்.

"இந்த ஜனங்களுக்கு எதுவும் வராது" என்றார் ஹெந்தார்த்தோ. "தள்ளுங்க, நான் காட்டுறேன். இதுல என்ன பெரிய வித்தை?"

தன் அடையாள எண்ணைத் தட்டினார். குரல் உயர்ந்த ஜாவா மொழியில் ஆரம்பித்தது. ஒரு சொல்லும் விளங்காமல் அவர் முகத்தைச் சுளித்தார். படங்கள் வந்தன. வரவேற்புப் பக்கம் போலிருக்கிறது என்று பூவை அமுக்கினார். நிச்சயமாகவா? ஆம். நிச்சயமாகவா? ஆம். நிச்சயமாகவா? "ஆமாங்கிறேன்ல" என்று குத்தினார்.

காகிதம் வந்தது. அவரே எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். ஹெந்தார்த்தோ என்பவர் இன்று காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு இயற்கை எய்தினார் என்பது இதனால் உறுதி செய்யப்படுகிறது.

தர்முஜி தொப்பியைக் கழற்றினார்.

"இதை ரத்து பண்ணு" என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது.

ரத்ரி திரையைப் பார்த்தாள். திரும்பிப் போக அம்பு இல்லை. "பாக், இப்போதைக்கு அதுக்கு வழி..."

அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்த தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டார். "ஆபீஸ்லேர்ந்து" என்றார் எங்கோ பார்த்தபடி. "என் பேர் ஊழியர் பட்டியல்லேர்ந்து தானாவே எடுபட்டிருக்காம். யாருக்கு அனுதாபம் சொல்றதுன்னு கேக்கிறாங்க."

"இங்க வாங்க பாக்" என்று மூன்றாம் கவுண்டரிலிருந்து கதர்சியின் குரல் கேட்டது. "உக்காருங்க. தண்ணி குடிங்க." ஒரு படிவம் எடுத்தாள், நான்கு வரி எழுதினாள், இரண்டு முத்திரை குத்தினாள், உள்ளே போய்க் கையெழுத்து வாங்கி வந்தாள். ஆறு நிமிடத்தில் மாகாண அதிகாரி உயிரோடு எழுந்து நின்றார். பத்துப் பேரும் கை தட்டினார்கள்.

அவர் கதர்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த மெஷின் வந்ததும் மூடறதா இருந்த நாலு கவுண்டரும் இனி மூடப்படாது. மனுஷங்களுக்கு மனுஷங்கதான் வேணும்" என்று அறிவித்தார். பிறகு ரத்ரியின் பக்கம் திரும்பினார். "உங்க கம்பெனிக்கு நான் எழுதுறேன்."

எழுதும் முன்பே வீர்யவான் கூப்பிட்டுவிட்டார். "பத்து விதியையும் ஒண்ணுவிடாம மீறியிருக்கே, ரத்ரி. களத்துக் குரலுக்குக் காது குடுன்னு சொன்னேன். மூளையைக் குடுன்னா சொன்னேன்?"

மாலையில் அலுவலகத்தின் பின்கட்டில் ஊழியர்கள் எல்லோரும் கூடி மஞ்சள் சோறும் கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்ரிக்கு வழியனுப்பு விழா என்று கதர்சி சொல்லியிருந்தாள். பின்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பசி இல்லை என்று ரத்ரி மண்டபத்திலேயே இருந்துவிட்டாள். காலையில் லாரி வரும். அட்டைப்பெட்டியை விரித்து வைத்துவிட்டு மின்கம்பியைப் பிடுங்கக் குனிந்தாள்.

"பிடுங்கிடாதே கண்ணு, ஒரு நிமிஷம்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. தர்முஜி மூச்சு வாங்க ஓடி வந்தார். "மாப்பிள்ளை வீட்டார் வந்து உக்காந்திருக்காங்க. மகளோட கல்யாணக் கடிதம் இல்லாம எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க. கவுண்டர் மூடியாச்சே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டார். திரையின் வலது மூலையை இரண்டு முறை தட்டிக் குரலை அடக்கினார். அப்படி அடக்கலாம் என்பதை ரத்ரி யாருக்கும் சொன்னதில்லை. அடையாள எண்ணைப் பார்க்காமலே அடித்தார். மோதிரம். நிச்சயமாகவா, ஆம். நிச்சயமாகவா, ஆம். "ஆண்டவன் நாடினால்" வரும் இடத்தை விரலால் தாண்டிப் போனார். நிச்சயமாகவா, ஆம். காகிதம் வந்தது. நாற்பது வினாடி ஆகியிருக்காது.

ரத்ரி கம்பியைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாக்... எப்படி?"

தர்முஜி கடிதத்தைப் பத்திரமாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, பின்கட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னிக்கு நிஜமாவே வேணும், அதான் சரியா அமுக்கினேன், இபு கதர்சிகிட்ட மட்டும் சொல்லிடாதே கண்ணு, இதுல தப்பா அமுக்கறதுக்கு எங்க பத்துப் பேருக்கும் ஒரு மாசமா தினம் உக்கார வெச்சுப் பாடம் எடுத்த மனுஷி."