கப்பலுக்குச் சாம்பிராணி போட்ட கதை

சிலருக்குப் பாம்பைக் கண்டால் பயம். சிலருக்கு மேலதிகாரியைக் கண்டால் பயம். எனக்கு அந்தக் காலத்தில் யாராவது தும்மினால் பயம். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்கை உறிஞ்சினால் போதும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுவேன். (அதனால் உடம்பு நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள். கால்வலிதான் வந்தது.)

எண்பதுகளின் தொடக்கம் அது. நானும் என் மனைவி செல்வியும் மதுரை காளவாசலில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். செல்வியின் அக்கா அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்தார். அவருடைய கணவருக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாமல், வேண்டாத கோயில் இல்லை என்று ஆன பிறகு அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் மாமியார் முன்பே கப்பலேறிப் போய் அங்கே இருந்தார். நானும் செல்வியும் மாமனாரை அழைத்துக்கொண்டு பின்னால் போவதாக ஏற்பாடு.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு என் அலுவலகத்துக்கு மாமியாரிடமிருந்து டிரங்க் கால் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"மாப்ள, பிள்ள மாசம் நெறையுறதுக்கு முன்னாடியே பெறந்துருச்சு. ஒரு கைக்குள்ள அடங்குற அம்புட்டுத்தான் இருக்கு. சளி கிளி புடிச்சா தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வரும்போது சளி இருமலோட மட்டும் வந்துறாதீங்க. மாமாவுக்கு இழுப்பு வேற. பத்திரமாக் கூட்டியாங்க."

வேறு யாராவது என்றால், சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது மார்கழி. மதுரையே இருமிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக் கண்டக்டர் இருமினார். பால்காரர் இருமினார். அலுவலகத்தில் என் மேலதிகாரி தும்மித் தும்மியே கையெழுத்துப் போட்டார். இத்தனையையும் தாண்டி ஒரு சிறு சளிகூட இல்லாமல் மூன்று பேர் கடலைக் கடந்து போய்ச் சேர வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது நான் கொண்டுபோனதால்தான் ஆகும் என்று எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது.

சிம்மக்கல்லில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். நீலகிரித் தைலம், ஓமம், சித்தரத்தை, சுக்கு, திப்பிலி, கற்பூரம், கட்டிச் சாம்பிராணி என்று கேட்டுக்கொண்டே போனேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் களைத்துப்போனார்.

"எத்தன பேருக்குண்ணே?"

"மூணு பேருக்கு."

"அப்புடியா. எங்கயோ கடை போடப்போறீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மாமனார் செக்கானூரணிப் பக்கத்து விவசாயி. அதிகம் பேசமாட்டார். வைகையில் வெள்ளம் வந்தால் பார்த்திருக்கிறாரே தவிர, கடலைப் பார்த்ததில்லை. பேத்தியைப் பார்க்கப் போகிறோம் என்பது ஒரு சந்தோஷம் என்றால், கடலைப் பார்க்கப் போகிறோம் என்பது இன்னொன்று. அவருக்கு நான் குரங்குக் குல்லாய் மாட்டி, அதற்கு மேல் மப்ளர் சுற்றி, மப்ளரில் தைலம் தெளித்து ரயிலேற்றினேன். பார்ப்பதற்கு அவர் எங்கோ கொள்ளையடிக்கக் கிளம்பியவர்போல் இருந்தார். அவரை அழைத்துப் போகும் கூட்டாளியாக நான் இருந்தேன், அதே கோலத்தில். செல்வி மட்டும் குல்லாய் போட மறுத்துவிட்டாள்.

சென்னையில் கப்பலேறினோம். எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் அடித்தட்டில் ஒரு பெரிய கூடம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள், திறக்க முடியாத வட்டக் கண்ணாடி ஜன்னல்கள், நூற்றுக்கணக்கான ஆட்கள். நான் படியிறங்கிப் போனபோது அந்தக் கூடம் என்னை ஒரு இருமலோடு வரவேற்றது. ஒரு மூலையில் ஒருவர் ஆரம்பிக்க, நடுவில் ஒருவர் வாங்கிக்கொள்ள, கடைசியில் ஒரு அம்மாள் முடித்துவைத்தார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. கப்பல் இன்னும் கிளம்பவே இல்லை.

எங்களுக்கு எதிர்க்கட்டில்காரர் கோரிப்பாளையத்துக்காரர். பெயர் காஜா. மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். நல்ல ஆகிருதி, அதற்கேற்ற இருமல். மண்டியில் மூட்டை உருட்டுவதுபோல் அது உள்ளிருந்து உருண்டு வரும். நான் உடனே இரண்டு போர்வைகளைக் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினேன். போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை பேரீச்சம்பழத்தோடு நீண்டது.

"அண்ணே, எந்தப் பக்கம்?" என்று மாமனாரைக் கேட்டார் பாய்.

"செக்கானூரணி."

"அட, நம்ம பக்கந்தானா. பழம் எடுத்துக்கங்க."

மாமனார் கை நீட்டுவதற்குள் நான் குறுக்கே புகுந்தேன். "வேணாம் பாய், மாமாவுக்கு ஒத்துக்காது."

பேரீச்சம்பழம் ஒத்துக்கொள்ளாத மனிதர் உலகத்தில் உண்டா என்று பாய் யோசித்திருக்க வேண்டும். கையை இழுத்துக்கொண்டார். இருமினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் மேல்தளத்துக்குக் கடலைப் பார்க்கப் போனார்கள். மாமனாரும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஈரக் காத்து மாமா. நெஞ்சுக்கு ஆகாது" என்றேன்.

"கடலப் பாக்கத்தான மாப்ள வந்தோம்."

"திரும்பி வரும்போது பாக்கலாம் மாமா."

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். சுற்றிலும் இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு, குல்லாயோடு ஒரு போர்வைக்குள் உட்கார்ந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் சித்தரத்தையின் காரம் இருந்தது. ஆனாலும் எனக்கு அந்தக் குழந்தைதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு கைக்குள் அடங்குகிற குழந்தை.

அடுத்த நாள் விடிந்தபோது மாமனாரின் நெஞ்சில் மெல்ல ஒரு விசில் சத்தம் கேட்டது. இழுப்பு. காற்றே இல்லாத கூடத்தில், முகத்தைச் சுற்றித் தைலத்தில் ஊறிய மப்ளரோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் குதிரைக்குக்கூட இழுப்பு வரும். அது எனக்குத் தோன்றவில்லை. கூடத்திலிருந்த இருமல்தான் அவருக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமியாரிடம் என்ன சொல்வேன்? நடுக்கடலில் எங்கே இறங்கி யாரைக் கூப்பிடுவேன்? இந்தக் கூடத்தையே சுத்தம் செய்துவிட வேண்டும் என்று பட்டது. பையில் சாம்பிராணி இருந்தது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கூடம் காலியாயிற்று. "நீ மாமாவக் கூட்டிட்டுப் போ, எனக்குப் பசிக்கல" என்று செல்வியை அனுப்பினேன். கொண்டுவந்திருந்த கொட்டாங்குச்சியில் கரித்துண்டுகளை வைத்து, கற்பூரம் போட்டுக் கொளுத்தினேன். கரி கனிந்ததும் சாம்பிராணியைத் தூவினேன். நம் வீடுகளில் ஒரு சிட்டிகை போடுவார்கள். கூடம் பெரிசு என்பதால் நான் பொட்டலத்தையே கவிழ்த்தேன்.

வீட்டில் புகை ஜன்னல் வழியாகப் போய்விடும். இங்கே ஜன்னல் திறக்காது. அது எழுந்து கூரையில் முட்டி, திரும்பி என்மேலேயே இறங்கியது. கண் எரிந்தது. முன்னால் இருந்த கட்டில் தெரியவில்லை. அணைத்துவிடலாம் என்று கூஜாத் தண்ணீரை ஊற்றினேன். புகை இரண்டு மடங்காயிற்று. கூரையிலிருந்த காற்றுக் குழாய் அதை உறிஞ்சி எங்கோ எடுத்துப் போனது. (சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போனது என்று பிற்பாடு தெரிந்தது. ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டின்மேல் மேகம் இறங்கியதாம்.)

யாரோ இந்தியில் கத்தினார்கள். அடுத்த நிமிடம் அபாய மணி அடித்தது.

அந்த மணியை நான் இன்றுவரை மறக்கவில்லை. படிக்கட்டு முழுக்க ஓடுகிற கால்கள். குழந்தைகளின் அழுகை. நான் இருமிக்கொண்டே கூட்டத்தோடு மேல்தளத்துக்கு வந்து விழுந்தேன். பெண்கள் கண்ணீரோடு மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாலுமிகள் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு கீழே ஓடினார்கள். இத்தனைக்கும் காரணம் நான்தான் என்று அந்தக் கப்பலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

செல்வியைக் காணவில்லை. மாமாவைக் காணவில்லை. இழுப்பு உள்ள மனிதர், புகை நிறைந்த சாப்பாட்டுக் கூடம், செங்குத்தான படி. எங்காவது மூச்சு முட்டி விழுந்து, மற்றவர்கள் அவரை மிதித்துக்கொண்டு ஓடியிருந்தால்? நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். "மாமா, மாமா" என்று கூப்பிட்டேன். வாயைத் திறந்தால் குரலுக்குப் பதில் இருமல்தான் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

கப்பலின் பின்பக்கத்தில் அவர்களைக் கண்டேன். மாமனார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காஜா பாய் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். குல்லாயும் மப்ளரும் கீழே கிடந்தன. மாமனாரின் நரைமுடி காற்றில் பறந்தது. வாயைத் திறந்து கடல்காற்றை வாங்கி வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். விசில் சத்தம் இல்லை.

"பாய்தான் அய்யாவத் தோள்ல தாங்கிப் படியேத்துனாரு" என்றாள் செல்வி. அவள் கண்கள் சிவந்திருந்தன.

நான் பாயைப் பார்த்துக் கும்பிட்டேன். "அட விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் இருமினார். "பயந்துறாதீங்க. இது ஒட்டுற இருமல் இல்ல. மண்டியில வத்தல் நெடி ஏறி ஏறி, வருசக்கணக்கா இப்புடித்தான் இருக்கு."

செல்வி என் பக்கத்தில் வந்தாள். என் சட்டையை ஒருமுறை மோந்து பார்த்தாள்.

"என்னங்க, தீப்புடிச்சா சாம்பிராணி வாசமா வரும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்கு முன் கீழேயிருந்து மாலுமிகள் வந்தார்கள். ஒருவர் கையில் இடுக்கி, இடுக்கியில் என் கொட்டாங்குச்சி. வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரி ஒருவர் அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பள்ளிக்கூடத்தில் கை தூக்குவதுபோல் நான் கையைத் தூக்கினேன். தூத்துக்குடிக்கார மாலுமி ஒருவர் மொழிபெயர்க்க வந்தார்.

"கப்பலுக்கு எதுக்குத் தீ வச்சீங்கன்னு கேக்காரு."

"தீ வைக்கல. சளிக்குப் புகை போட்டேன்."

அவர் சொன்னார். அதிகாரி மறுபடி கேட்டார்.

"யாருக்குச் சளின்னு கேக்காரு."

"இன்னும் யாருக்கும் வரல" என்றேன்.

இதை அவர் எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியவில்லை. அதிகாரி என்னை வெகுநேரம் பார்த்தார். கடலில் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறார் என்றே நினைத்தேன். அதற்குள் கப்பல் டாக்டர் வந்து சேர்ந்தார். என் சிவந்த கண்ணையும் ஒழுகுகிற மூக்கையும் பார்த்தார், இருமலைக் கேட்டார், தலையை ஆட்டினார். கப்பல் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களுக்கென்று இருந்த தனி அறைக்கு என்னைக் கொண்டுபோகச் சொன்னார்.

"டாக்டர், எனக்குச் சளி இல்ல, இது புகை" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினேன். நம்புவாரா?

அறையில் எனக்கு முன்பே ஒருவர் படுத்திருந்தார். அவருக்கு நிஜமான காய்ச்சல், நிஜமான சளி. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் பக்கம் திரும்பிப் படுத்துத் தும்மினார். இறங்க எங்கும் நிறுத்தம் இல்லை. மருந்துப் பையை அதிகாரி எடுத்துப் போயிருந்தார். நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுத்தேன். கரை வரும்வரை அங்கேதான் இருந்தேன்.

செல்வி கதவுக்கு வெளியே நின்று செய்தி சொல்வாள். மாமனார் காலையிலிருந்து இருட்டும்வரை பாயோடு மேல்தளத்திலேயே இருக்கிறாராம். தண்ணீரிலிருந்து மீன்கள் எழும்பிப் பறப்பதைப் பார்த்தாராம். பேரீச்சம்பழம் சாப்பிட்டாராம். இழுப்பு அடியோடு நின்றுவிட்டதாம்.

போர்ட் பிளேரில் இறங்கும்போது அந்தக் கூடத்தில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களில் எனக்குத் தெரிந்து நிஜச் சளியோடு இறங்கியவன் நான் ஒருவன்தான். துறைமுகத்தில் மாமியார் நின்றார். "வாங்க மாப்ள" என்றார். நான் வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. மாமியார் இரண்டடி பின்னால் போனார்.

என்னைப் பக்கத்து வீட்டில் தங்கவைத்தார்கள். சாப்பாடு அங்கே வந்தது. குழந்தையைப் பார்ப்பதற்கு, தோட்டத்தில் நின்று மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். முதல் நாள் மாமனார் குழந்தையைத் துணியில் சுற்றி ஜன்னலுக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினார். சிவப்பாக, சின்னதாக, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இருந்தது. அந்த முகத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று மூக்கைத் துடைத்தேன். அழுகையா சளியா என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் நான் ஜன்னலில் நின்றபோது குழந்தை ஒரே ஒரு தும்மல் தும்மியது. உள்ளே இருந்த எல்லாரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டரம்மா வந்து பார்த்து, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. என் சளி விடுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. குழந்தையைத் தொடாமலே கப்பலேறினேன்.

குழந்தைக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள். பேச்சு வந்த வயதில் மதுரைக்கு வந்தாள். நான் அவளைத் தூக்கப்போனபோது உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதான் ஜன்னல் சித்தப்பாவா?" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி சுவரைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் அதுதான். அவளுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகம் செய்ததும் அப்படித்தான். கதையையும் சேர்த்துச் சொன்னாள், கொட்டாங்குச்சி உட்பட.

அவளுக்குக் குழந்தை பிறந்தபோது மதுரை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். செல்வி நேராக உள்ளே போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"சித்தப்பா, சும்மா உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள் தேன்மொழி. "இந்தப் பிள்ளையவாச்சும் கையில வாங்குங்க."

நான் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். மூக்கில் ஒன்றும் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கினேன். கொழுகொழுவென்று நல்ல கனம். தேன்மொழி குழந்தையின் காதருகே குனிந்தாள்.

"யாரு வந்திருக்காங்க பாரு" என்றாள். "ஜன்னல் தாத்தா."