தியரியம்மா கேட்காத கேள்வி

திருப்பூரில் தியரியம்மாவைப் போல் சரியாகப் பேசியவரும் கிடையாது, சரியாகப் பேசியே ஒரு குடும்பத்தைக் கவிழ்த்தவரும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அறுபதுகளின் கடைசி. ஒரு பனியன் கம்பெனியில் நான் டைம் கீப்பர். சமூக சேவைப் படிப்பு முடித்துவிட்டு, பெண்கள் நல வேலைக்கென்று மெட்ராஸிலிருந்து வந்திறங்கினார் அவர். ஆம்பளைக் குடை, ஆம்பளை வாட்ச், ஒரு தடி நோட்டு. பேச்சுக்குப் பேச்சு “இதுக்கு ஒரு தியரி இருக்கு” என்பார். சொந்தப் பெயரை யாரும் கேட்கவே இல்லை. டீக்கடை பெஞ்சில் முதல்முறை உட்கார்ந்தபோது அதில் இருந்த ஆண்கள் எழுந்து ஓட, கடைக்காரர் பதறிப்போய் பெஞ்சைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார். சுவரைப் பார்த்தபடியே இரண்டு டீ குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

எங்கள் முதலாளி அவரைக் கண்டாலே பின்வாசலைத் தேடுவார். ஒருநாள் மாட்டிக்கொண்டார்.

“உங்க வீட்டுல யார் சமைக்கிறாங்க?”

“சம்சாரந்தானுங்க.”

“கல்யாணத்துக்கு?”

“அதுக்குச் சமையக்காரருங்க. அண்டா கனமில்லீங்களா!”

“கெணத்துலேர்ந்து தண்ணிக்குடம் தூக்கறது யாரு?”

முதலாளி அவசரமாகத் திரும்பினார். “ஏப்பா, அம்மாவுக்குக் காபி சொல்லு” என்று என்னைப் பார்த்தார்.

“பொறக்கும்போதே யாரும் வேலையோட பொறக்கறதில்லை சார். ஆம்பளை வேஷம், பொம்பளை வேஷம்னு சமூகம் குடுக்குது. கட்டிக்கிட்டு ஆடறோம். அதான் தியரி” என்றார் தியரியம்மா. காபியையும் விடவில்லை.

எங்கள் கம்பெனியில் மெஷினில் உட்காருவது ஆண்கள். தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவதும் மடிப்பதும் பெண்கள். “மெஷினுக்கு ஆம்பளைக் கை வேணுமுங்க” என்பார் கட்டிங் மாஸ்டர். உதாரணத்துக்கு அவர் காட்டுவது டெய்லர் ராமசாமியை. பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு, கம்பெனியில் உட்கார முடியாமல், துணி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்து வந்தான் ராமசாமி. தையலில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒருநாள் அவன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார் தியரியம்மா. வழி காட்டப் போனது நான். உள்ளே ராமசாமி கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தான். மெஷினில் அவன் மனைவி பொன்னாத்தாள். கால் மிதிக்கிற வேகத்தில் எனக்கு வாய் பிளந்துவிட்டது.

எங்களைப் பார்த்ததும் அவள் வெளியே ஓடிவந்தாள். “யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கம்மா. எங்கூட்டுக்காரருக்கு மிச்சமிருக்கறது அந்த ஒரு பேருதானுங்க. அதும் போச்சுன்னா மனுசன் செத்துப்போவாருங்க.”

தியரியம்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஒன்பது நாள் தாங்கியது.

பத்தாம் நாள் கம்பெனி மேஜையில் இரண்டு குவியல் பனியன்களை வைத்து, “இதுல எது ஆம்பளைக் கை?” என்று மாஸ்டரைக் கேட்டார். என்ன நடக்கப் போகிறதென்று எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். மாஸ்டர் மூக்குடைபடுவதைப் பார்க்கும் ஆசையில் சும்மா நின்றேன்.

மாஸ்டர் தையலை இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், பல்லால் கூடக் கடித்துப் பார்த்தார். “இதுங்க. ராமசாமி தெச்சது. பொம்பளை ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராதுங்க.”

“இதைத் தைச்சது பொன்னாத்தா!” என்றார் தியரியம்மா.

கம்பெனியே அதிரச் சிரித்தது. ஆனால் யாரும் மாஸ்டரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மூட்டையைத் தோளில் வைத்தபடி ராமசாமி வாசலில் நின்றிருந்தான். “ஏனுங்க ராமசாமி, அப்ப ஊட்டுல சோறாக்கறது நீங்களா?” என்றது ஒரு குரல். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனவன், வீட்டு மெஷினின் பெல்ட்டைக் கத்தியால் அறுத்தான். மனைவியைத் தைக்க விடவில்லை. அவள் கூலிக்குப் போய் வாங்கிவந்த மருந்தைத் தொடவில்லை. இரண்டே மாதம்.

எழவு வீட்டுக்குத் தியரியம்மா நோட்டு இல்லாமல் வந்தார். பொன்னாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வேஷத்தைக் கழட்டுன்னு சொன்னேன். உள்ளே அந்த மனுஷனுக்கு வேற துணி இருக்கான்னு பார்க்கலையே” என்று என்னிடம் சொல்லி அழுதார்.

மறுநாளே எங்கள் கம்பெனி கேட்டின் நடுவில் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் ராமசாமி முன்பு உட்கார்ந்த மெஷினைப் பொன்னாத்தாளுக்குக் கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டாராம். முதலாளியின் கார் பதினோரு நாள் உள்ளேயே நின்றது. ஆத்திரத்தில் யாரோ குடையைக் கிழித்தார்கள். கிழிந்த குடையோடே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மாஸ்டர்தான், “மொதலாளி, அந்தக் கை நமக்கு வேணுமுங்க” என்று முணுமுணுத்தார். பொன்னாத்தாள் மெஷினில் உட்கார்ந்தாள். தியரியம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று, கம்பெனியிலேயே கிடந்த அந்தக் குடையைப் பொன்னாத்தாள் என்னிடம் நீட்டினாள். கிழிசல் தைக்கப்பட்டிருந்தது. “குடுத்துப்போடுங்க. நான் தெச்சேன்னு சொல்லிப்போடாதீங்க.”

பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்தது நான் ஒருவன்தான். குடையை விரித்த தியரியம்மா, தையல் மேல் விரலை ஓட்டினார்.

“யாரு தைச்சது?”

“தெரியலீங்கம்மா” என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். ஊரில் ஒருவரையும் ஒற்றைக் கேள்வியோடு விட்டதில்லை அவர். அன்று மறு கேள்வி கேட்காமல், குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.