நாய்கூடச் செய்யும் வள்ளிக்கிழங்கு வதக்கல்

ஸ்டோனி ரன் சாலை,
ஜான்ஸ்டன் கவுண்டி,
நார்த் கரோலைனா.
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் (சாப்பாடு இல்லை)

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய மேவிஸ் அக்கா அவர்களுக்கு,

தங்கள் தங்கை வெர்னாவின் புருஷன் டூயி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. தாங்களும் தங்கள் முழங்காலும் கொல்லைக் கோழிகளும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருப்பதாலும், பொய் எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போதகர் முகத்தில் விழிக்க முடியாது என்பதாலும் அதை விட்டுவிடுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். நடுநடுவே எழுந்து எழுந்து போவேன், அதையும் மன்னிக்கவும். ஓவனில் ஒன்று இருக்கிறது. அது என்ன என்பதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

அங்கே வெர்னா எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கேட்கவில்லை என்றால் கேட்டதாகவே ஒரு வரி எழுதிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். சொன்னதெல்லாம் உண்மைதான், இருந்தாலும் என் வாயாலும் ஒரு தடவை கேளுங்கள். போன சனிக்கிழமை சபையில் எல்லாரும் கூடி காலைப் பலகாரம் சாப்பிட்டோம் அல்லவா, அதற்கு வெர்னா வழக்கம்போலத் தன் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வதக்கலைச் செய்து கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்து வீட்டு எல்பர்ட், அதுதான், ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படைக்குத் தலைவன் என்று தொப்பி போட்டுக்கொண்டு திரிவானே அவன், மூன்றாவது தட்டையும் வழித்துவிட்டு, "வெர்னா, இந்த வதக்கலுக்காகவே நான் இன்னொரு வாட்டி ஞானஸ்நானம் வாங்கிக்கலாம் போலிருக்கே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு நானும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. எனக்குத்தான் எதிலும் கையை வைக்காமல் இருக்க முடியாதே. "அதுல என்னப்பா பெரிய வித்தை? கிழங்கை நறுக்கணும், சட்டியில கொட்டணும், கிளறணும். எங்க வீட்டு நாய்கூடச் செய்யும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வெர்னா கையைத் துடைத்தாள். ஏப்ரனைக் கழற்றினாள். அதை என் கழுத்தில் மாட்டி, பின்னால் முடிச்சுக்கூடப் போட்டுவிட்டாள். "சரி. நாய் சமைச்சு முடிச்சதும் சொல்லி அனுப்புங்க, வந்து சாப்பிடறேன்" என்று காரில் ஏறினவள்தான். அந்த ஏப்ரனோடு எல்பர்ட் வண்டியில் வீடு திரும்பினேன், வழிநெடுக அவன் விசில் அடித்துக்கொண்டே வந்தான். வந்து பார்த்தால் அவள் அதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள்.

அக்கா, ஒரு நிமிஷம். ஓவனைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்னும் ஆகவில்லை. வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த நாற்காலி தேவலை போலிருக்கிறது, அதில் போய் உட்கார்ந்தால் வாசலில் கார் சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது, போய்ப் பார்த்தால் தபால் வண்டி. நேராக உங்கள் வீட்டுக்கே வந்து நின்றிருப்பேன். ஆனால் அவள் போன அன்றைக்கே, சும்மா இருக்க முடியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிக்கப் வண்டியின் கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டேன். பிரித்தது சுலபமாகத்தான் இருந்தது.

சரி, சமைத்தே காட்டிவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் இறங்கினேன். அப்போது வீம்பு இருந்தது, அதையும் மறைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க வள்ளிக்கிழங்கு விளைவித்து லாரி லாரியாக ஏற்றினவனுக்கு நாலு கிழங்கை வதக்கத் தெரியாதா என்று நினைத்தேன். நல்ல கிழங்கெல்லாம் கொட்டகையில் இருக்கிறது, கொட்டகைச் சாவி வெர்னாவின் கார்ச் சாவியோடு உங்கள் வீட்டில் இருக்கிறது. அதனால் போன வாரம் தோண்டி வராந்தாவில் கொட்டியிருந்ததை எடுத்தேன். மண்ணிலிருந்து வந்த கிழங்கைச் சூட்டறையில் வைத்துப் பதப்படுத்தி, அப்புறமும் சில வாரம் காத்திருந்தால்தான் இனிக்கும் என்பது இந்தக் கவுண்டியில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வாங்க வருகிறவனுக்கெல்லாம் அதை நானே பிரசங்கம் செய்திருக்கிறேன். பசி வந்தபோது ஒன்றும் நினைவில்லை. பெரிது பெரிதாக வெட்டிப் போட்டேன். வெளியே கரி, உள்ளே பச்சை, இனிப்பு என்பது பேருக்கும் இல்லை. நாய் ஜாஸ்பருக்கு ஒரு துண்டு வைத்தேன். மோந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து போய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். அவன் பெயரைச் சொல்லித்தான் நான் சபையில் பேசினேன் என்பது அவனுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

திங்கட்கிழமை பொடிப்பொடியாக நறுக்கினேன். கிழங்கு, வெங்காயம், குடைமிளகாய் எல்லாவற்றையும் ஒரே குவியலாகச் சட்டியில் கொட்டி, அடிபிடிக்கக் கூடாதே என்று கை ஓயாமல் கிளறினேன். கிளறக் கிளற அது வேறு ஒன்றாக மாறிக்கொண்டே போனது. கடைசியில் வந்தது ஆரஞ்சு நிறத்தில் சுவருக்குப் பூசுகிற பதத்தில் இருந்தது, அடியில் மட்டும் கருகல் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. சுரண்டினேன், வரவில்லை. ஊற வைத்தேன், வரவில்லை. பட்டறையிலிருந்து கம்பி பிரஷ் கொண்டுவந்து தேய்த்தேன். அதற்கும் அசையாததால் எங்கள் பையன் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த, பாத்திரம் கழுவும் மிஷினில் வைத்து, சோப்புத் தூளைத் தாராளமாகப் போட்டு, பட்டனைத் தட்டிவிட்டேன்.

எந்தச் சட்டி என்று நீங்கள் கேட்பீர்கள். அக்கா, உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் இரும்புச் சட்டி.

சோப்பு என்றால் என்னவென்றே அறியாத சட்டி. அம்மா போன பிறகு அது யாருக்கு என்று நீங்களும் வெர்னாவும் இரண்டு கிறிஸ்துமஸ் பேசாமல் இருந்த சட்டி. மிஷினைத் திறந்தால் கருகருவென்று மின்னிக்கொண்டிருந்த சட்டி துருப்பிடித்துச் செங்கல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. வீம்பெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று. இனிமேல் அவள் எதற்காகத் திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அழுதேன் என்று எழுதினால் எல்பர்ட் சிரிப்பான், ஆனால் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போன் பண்ணினேன். அதற்கு முன்னால் மணிக்கு ஒரு தடவை பண்ணியது வேறு, அது அவள் குரலைக் கேட்க, அவள்தான் போனுக்கு வரவே இல்லை. சும்மா போன் பேசுவானேன் என்று அலுமினியச் சட்டியில் இன்னொரு ஈடு கிழங்கையும் போட்டுவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தேன். "டூயி, அவளைக் கொஞ்சம் சும்மா விடுங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். அதோடு உங்கள் குரல் நின்றுவிட்டது. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இல்லை, சுவரிலிருந்து வருகிற போன் வயர் அடுப்பின்மேல் கிடந்து உருகிப்போயிருந்தது. அதை இழுத்ததில்தான் விரல் இரண்டும் வெந்தன. உருகிய வயரும் கருகிய வெங்காயமும் சேர்ந்து விட்ட புகை ஜன்னல் வழியாகப் போய் எல்பர்ட் வீட்டுக்குச் சேதி சொல்லியிருக்கிறது.

அவன் நடந்து வந்திருக்கலாம். இருபது அடி தூரம்தான். சங்கு ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டியில் வந்தான், கூட நாலு பேர், தலையில் கவசம், கையில் குழாய். சட்டியை வாசலில் வீசி அணைத்தார்கள். எல்பர்ட் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான், ஏப்ரனோடு நிற்கிற என்னைப் பார்த்தான்.

"ஏம்பா டூயி, நாய் எங்கே? லீவுல போயிருச்சா?"

"கிண்டல் பண்ணாதே எல்பர்ட். வெர்னா வரணும். அவளுக்காகத்தான் செஞ்சு பாக்கறேன்."

அதைச் சொன்னதும் அவன் கவசத்தைக் கழற்றினான். "சரி, உக்காரு. இரும்புச் சட்டி எங்கே?"

காட்டினேன். மற்ற நாலு பேரும் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கண்ணை மூடி ஜெபம்கூடப் பண்ணினான். "பன்னிக் கொழுப்பைத் தடவி ஓவன்ல வை, ஆறவிடு, மறுபடி தடவு, மறுபடி வை. கறுப்பு ஏறுற வரைக்கும் விடாதே" என்றான் எல்பர்ட். ஓவனில் இருப்பது அதுதான். அக்கா, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கொஞ்சம் பழுப்பு ஏறியிருக்கிறது. நம்பிக்கை இருக்கிறது.

பிறகு அவன் தன் வீட்டிலிருந்து பதமான கிழங்கு கொண்டுவந்து, வேறொரு சட்டியைக் காயவைத்து, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினான். நான் கரண்டியை எடுத்தேன்.

"கையை எடு."

"அடிபிடிக்குதுடா!"

"பிடிக்கட்டும்யா! அடியில பொன்னா ஒரு மொறுமொறுப்பு பிடிக்கிறதுக்குத்தானே அடுப்புல வச்சிருக்கோம்? நீ கிளறிக்கிட்டே இருந்தா அது எப்பப் பிடிக்கும்? பேசாம கையை அடியில வச்சு அதுமேல உக்காரு."

உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட விரல் வேறு. உடம்பெல்லாம் அரித்தது. சட்டி சீறுகிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இதைவிட உழவு ஓட்டுவது சுலபம். அப்புறம் ஒரே ஒரு தடவை புரட்டினான். பொன்னிறம், ஓரமெல்லாம் மொறுமொறுப்பு, வெங்காயம் வாசனை, மேலே முட்டை. வீடு வெர்னா இருந்த மாதிரி மணத்தது. சும்மா விடுங்க என்று நீங்கள் போனில் சொன்னதும் இதையேதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே அதை உங்களுக்குச் சொல்ல எழுந்தேன், போன் இல்லை.

நேற்று முழுக்கச் சட்டிக்குக் கொழுப்புத் தடவினேன். இன்று காலை, எல்பர்ட் இல்லாமல், நானே செய்தேன். கையின்மேல் உட்கார்ந்துகொண்டு செய்தேன். உப்பு ஒரு சிட்டிகை குறைவு. ஜாஸ்பருக்கு வைத்தேன், தின்றான், தட்டை நக்கினான்.

ஆகவே அக்கா, எனக்காக ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நாய் சமைத்து முடித்ததும் சொல்லி அனுப்பச் சொன்னாள். சொல்லி அனுப்புகிறேன். நாய் சமைத்து முடித்துவிட்டது, வந்து சாப்பிடு என்று அவளிடம் சொல்லுங்கள். எந்த நாய் என்று அவளுக்குத் தெரியும். சட்டி விஷயத்தை மட்டும் அது கறுக்கும்வரை உங்கள் மனதிலேயே வைத்திருங்கள். எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சிக் கேட்கிறேன்.

கர்த்தர் தங்கள் முழங்காலுக்குப் பெலத்தையும், கோழிகளுக்கு முட்டையையும், தங்கள் தங்கைக்கு இரக்கத்தையும் தந்தருள்வாராக. சபையார் எல்லாரும் விசாரித்தார்கள், என்னை அல்ல, அவளை.

என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை புருஷன்,
டூயி

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் ரத்து. உறையை நாக்கால் நனைக்கப் போகும்போது வாசலில் கார். தபால் வண்டி இல்லை, வெர்னா! "ஏன் போன் அடிக்கலை? மணிக்கு ஒரு வாட்டி அடிச்சு உசுரை வாங்குன மனுஷன், ரெண்டு நாளா சத்தமே இல்லைன்னா நான் என்னன்னு நினைக்கிறது? செத்துக்கித்துக் கிடக்கறீங்களோன்னு பயந்து ஓடி வர்றேன்" என்று கத்தினாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கக் காதில் தேன் பாய்ந்தது. நேராகப் போய் ஓவனைத் திறந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள் அக்கா! ஓவனில் இருக்கும் சட்டி போன வருஷம் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். "உங்களை இங்க விட்டுட்டுப் போவேன், அம்மா சட்டியை விட்டுட்டுப் போவேனா?" என்கிறாள். அம்மா சட்டி அவள் பெட்டியில்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் உங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலுக்கு அடியில், நீங்கள் பெருக்கும்போதெல்லாம் விளக்குமாற்றுக்கு எட்டும் தூரத்தில்! இப்போது காரிலிருந்து அதை எடுத்து வந்து, அதில்தான் வதக்கல் போட்டிருக்கிறாள். அடியில் பிடித்துக்கொண்டிருக்கும் வாசனை இங்கே வருகிறது. முகம் கழுவப் போயிருக்கிறாள். ஒரே ஒரு தடவை, லேசாக, கிளறிவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.

அக்கா, வெர்னா எழுதறேன். கிளறிட்டாரு. ராத்திரிக்கு உன் வீட்டுக்கு வர்றேன், இந்தக் கடுதாசியை நானே கையில கொண்டு வர்றேன், ஸ்டாம்பு மிச்சம். சட்டியைப் பத்தி எழுதியிருக்கறதை நீ படிக்கலைன்னு வச்சுக்கோ. சனிக்கிழமை திரும்பிடுவேன், அதுவரைக்கும் சும்மா உக்காந்து பழகட்டும். காலையில அவர் செஞ்சது மூடி வச்ச வேற தட்டுல கொஞ்சம் மிச்சம் இருந்தது, நின்னுக்கிட்டே தின்னு பாத்தேன். என்னோடதைவிட நல்லா இருக்கு. அவர்கிட்ட சொல்லித் தொலைச்சுடாதே.