மாப்பிள்ளைக்கு மெடிக்கல் போன கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அத்தை நலம். உங்கள் நலத்தைப் பற்றி உங்கள் கம்பெனியே இரண்டு நாளாக விசாரித்துக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வெளியூர்ப் பயிற்சி முடியும்வரை உங்கள் போனை அங்கே வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, வேறு வழியில்லை.

திங்கட்கிழமை கிளம்பும்போது, "மாமா, என் மெடிக்கல் சர்டிபிகேட் டிராயர்ல இருக்கு. புதன்கிழமை என் ஃப்ரெண்ட் இங்க வர்றான், அவன்கிட்ட குடுத்தனுப்புங்க. வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு அது கையில இல்லேன்னா என்னை விமானத்துல ஏத்த மாட்டாங்க" என்றீர்கள். அது கேப்டன் ஆவதற்கான பரீட்சை என்பதும், தவறினால் அடுத்த வாய்ப்பு இரண்டு வருஷம் கழித்துத்தான் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் பதிவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவன் நான். ஒரு துண்டுச் சீட்டுகூடத் தொலைந்ததில்லை. அந்தத் திமிர்தான் வினையாகிவிட்டது. ஒரே தாள் தனியாகப் போகிறதே, பத்துப் பிரதி இருந்தால் தைரியம் என்று, நீங்கள் கிளம்பிய கையோடு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருப்பதை நாலு பேர் படிக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன். பத்துப் பிரதியையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அசலை மெஷின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டேன்.

திரும்ப ஓடிப் பார்த்தால் மூடிக்கு அடியில் யாருடைய வாடகை ஒப்பந்தமோ கிடக்கிறது. "உங்களுக்கப்புறம் ஒரு பொண்ணு கட்டுக்கட்டா எடுத்துட்டுப் போச்சு சார், அதோட போயிருக்கும்" என்றார் கடைக்காரர். அத்தையிடம் சொன்னேன். "நாலு பேர் படிக்கணும்னீங்கள்ல? இந்நேரம் யாரோ படிச்சிக்கிட்டிருப்பாங்க" என்றாள்.

போலீஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, டூப்ளிகேட் வாங்க வழி கேட்கலாம் என்று உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். டூட்டி அட்டவணை போடும் அம்மாள் எடுத்தார். பதற்றத்தில், "அம்மா, எங்க மாப்பிள்ளைக்கு மெடிக்கல் போயிடுச்சு" என்றேன். அந்த அம்மாள் பதறிப்போனார். "ஐயையோ, எப்ப சார்?" "இன்னிக்குக் காலைலதாம்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுச்சு." "கண்ணா சார்?" "என் கண்ணு முன்னாலதாம்மா!" "முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா?" "ஒண்ணுமே தெரியல. திரும்பக் கிடைக்குமாம்மா?" "அது டாக்டர் கையில இருக்கு சார். மனசைத் தளர விடாதீங்க. நான் உடனே பேரை எடுத்துடறேன்." என்ன தங்கமான பெண், உங்கள் பெயரைக் குறித்துக்கொள்கிறாள் என்று நினைத்து, "நல்லபடியா எடும்மா" என்றேன். அவர் எடுத்தது வியாழக்கிழமைப் பட்டியலிலிருந்து.

மறுநாள் சாயங்காலம் உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பழக்கூடை வந்தது. அதில் "சீக்கிரம் பார்வை திரும்பட்டும்" என்று ஒரு சீட்டு. கொண்டு வந்தவரைப் பிடித்து விசாரித்த பிறகுதான் விளங்கியது. விமானிகள் பாஷையில் 'மெடிக்கல் போச்சு' என்றால் தாள் போனது இல்லையாம், பறக்க உடம்பு லாயக்கில்லை என்று ஆளையே இறக்கிவிட்டதாம்.

இன்று காலை ஒன்பது மணிக்கே உங்கள் கம்பெனியின் மருத்துவப் பிரிவு ஆபீஸ் வாசலில் நின்றேன். குமாஸ்தா கம்ப்யூட்டரில் அந்த அம்மாள் ஏற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, "பார்வை போனவருக்குப் பார்வை இருக்குன்னு எப்படி சார் டூப்ளிகேட் குடுக்கறது?" என்றார். பத்து வருஷமாக நீங்கள் கண்விழித்துப் படித்ததை ஒரே வாக்கியத்தில் ஊற்றி மூடிவிட்டேனே என்று அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? மூன்று மணிக்கு உங்களைப் பரிசோதித்த டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார். முழுக்கக் கேட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு அந்த அம்மாளுக்குப் போன் போட்டு, "போனது தாள்தாம்மா, ஆள் நல்லாத்தான் இருக்காரு" என்றார். பட்டியலில் பெயர் திரும்ப ஏறியது. நாலு மணிக்கு முத்திரையோடு டூப்ளிகேட் என் கைக்கு வந்தது. அது இந்த உறைக்குள் இருக்கிறது. உங்கள் நண்பர் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் காத்திருக்கிறார். இந்தக் கிழவனை மன்னித்துவிடுங்கள், மாப்பிள்ளை. நாளை விமானத்தைத் தைரியமாக ஏற்றுங்கள், நிதானமாக இறக்குங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராது. வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள் நன்மையையே நினைக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு டூப்ளிகேட்டை ஒரு தடவை படித்தாள். கடைசி வரியில், செல்லுபடியாகும் கடைசி நாள் என்று ஒரு தேதி. இன்றைய தேதி. எண்ணைப் பார்த்தோம், முத்திரையைப் பார்த்தோம். அந்த வரியை நான் பார்க்கவில்லை, குமாஸ்தா பார்க்கவில்லை, டாக்டர் பார்க்கவில்லை. சொல்லக்கூடாது, நீங்களும் பார்க்கவில்லை. டாக்டரைத் திரும்பப் போனில் பிடித்தேன். "டூப்ளிகேட்ல பழைய தேதிதான் சார் வரும்" என்றவர், உடனே நீங்கள் இருக்கும் ஊரில் உள்ள தன் நண்பரான இன்னொரு டாக்டரிடம் பேசினார். அவர் நாளை காலை ஐந்தரைக்கு உங்களைப் பரிசோதித்து, எட்டு மணிக்குள் புதிதாகக் கொடுத்துவிடுவாராம். முகவரி உறையின் பின்னால். ஒரே நிபந்தனை, ரத்தம் எடுக்கப் பத்து மணி நேரம் வெறும் வயிறாக இருக்கவேண்டும். உங்கள் நண்பர் உங்களிடம் வந்து சேர இன்று இரவு ஏழரை ஆகும். ஆகவே மேலே சாப்பாட்டைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறீர்கள் என்றால் அந்தக் கவளத்தோடு கையைக் கழுவிவிடுங்கள். மாப்பிள்ளையைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிய மாமனார் என்ற பழி எனக்கே வரட்டும்.