பதினொன்றாவது தட்டு

ஒன்றுமே தெரியாதவனால் குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. பாதி தெரிந்தவனிடம்தான் வேலை கொடுக்கக் கூடாது.

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டோடு நின்றவன் நான். கலப்புப் பின்னத்தை உடைக்கச் சொல்லிக்கொடுத்த நாளில் வகுப்பில் இருந்தேன். வகுக்கும்போது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்க வேண்டும் என்று சொன்ன நாளில் வாய்க்காலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். (மீனும் கிடைக்கவில்லை.)

பிறகு லோரியிலும் உணவுக்கடைகளிலுமாக ஊர் ஊராகச் சுற்றினேன். பட்டினி கிடந்த இடங்களில்கூட யாரும் பின்னம் கேட்கவில்லை. அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கு வீடு வந்தபோதுதான் மாட்டினேன்.

பெண் வீடு பெடாஸில். சீர்த்தட்டு தூக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே நிற ரவிக்கையில் நடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

"சம்பந்தி வீட்டுல நம்மள லேசா நெனச்சிடக் கூடாதுடா. எட்டே கால் மீட்டர் துணி இருக்கு. ஒரு ரவிக்கைக்கு முக்கால் மீட்டர். வெட்டி வை" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

எட்டே காலை முப்பத்து மூன்று கால்களாக உடைத்தேன். அதுவரை சரி. பிறகு முக்காலைத் திருப்பாமல் அப்படியே பெருக்கினேன். ஆறும் கொஞ்சமும் வந்தது. வகுத்தால் எட்டு குறையத்தானே வேண்டும்? முழுத் திருப்தியோடு துணியை ஆறாக மடித்து வெட்டினேன். (கணக்கு தெரிந்தவனுக்கு அளவுநாடா எதற்கு?)

"கடைக்காரன் ஏமாத்திட்டான்மா. ஆறுதான் தேறுது."

"பதினோரு தட்டுடா பாவி!"

"அப்ப ஆறு தட்டு தூக்குவோம் லா."

"தட்டு ஒத்தப்படையிலதான் போவணும்!"

தையற்கார வசந்தாக்கா ஒரு துண்டை விரித்துப் பார்த்தார். "ஒண்ணுக்குப் பெருசு, ரெண்டுக்குப் பத்தாது. கூடாரம் போடவா தம்பி வெட்டுன?"

கடையில் அந்த நிறம் தீர்ந்துபோயிருந்தது. வசந்தாக்கா ஒட்டுப்போட்டுப் பத்து ரவிக்கை தேற்றினார். விடுபட்டது என் அத்தை.

"நான் மட்டும் வேற கலர்ல வரணுமா? தூக்க மாட்டேன் போ."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அத்தை கொஞ்சம் இறங்கி வந்தார். "வெட்டுனவனே தூக்கட்டும்."

பெடாஸில் பத்துப் பெண்களுக்குப் பின்னால், வாழைப்பழத் தட்டோடு, மீசை வைத்த பதினொன்றாவது ஆளாக நடந்தேன். மணப்பெண் சிரித்த சிரிப்பில் சம்பந்தி வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்துவிட்டார்.

அண்ணியாகி வந்த பிறகு அவர்தான் எனக்கு விளக்கினார். "முப்பத்து மூணு கால் இருக்கு. மூணு மூணா எடுங்க தம்பி, எத்தன வருது?"

பதினொன்று.

இப்போதும் வீட்டு விசேஷங்களில் தட்டுக்கு ஆள் எண்ணுகிறார்கள். பத்து வரை பெண்களின் பெயர்கள். பிறகு, நான் எந்த ஊரில் இருந்தாலும், எனக்கு ஃபோன் வருகிறது.