பாத்துக்கோ கோழிக்கடை

வியாபாரம் நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுபட்ட மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூந்தமல்லி வட்டாரத்தில் ஒருவர்தான். கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் கோழிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பெயர்ப் பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஊர் அவரைப் 'பாத்துக்கோ' என்றது. மரியாதை தெரிந்தவர்கள் 'பாத்துக்கோ அண்ணன்' என்றார்கள்.

மற்ற கடைகளில் "ஒரு கிலோ, ஸ்கின் அவுட்" என்று சொல்லிவிட்டு நாம் திரும்பி நின்றுகொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் நடப்பது நடக்கும். நாம் செல்போனில் யாருக்காவது காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருப்போம். கடைசியில் கறுப்புக் கவர் ஒன்று கைக்கு வரும். இவர் கடையில் அந்த வசதி கிடையாது. கூண்டுக்குள் இரண்டு கையையும் விட்டுக் கோழியை நிமிர்ந்த வாக்கில் எடுப்பார். உங்கள் கையில் கொடுப்பார். "பாத்துக்கோ" என்பார். நீங்கள் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம், முழுசாக. அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் வெட்டித் தருவார். வேண்டாம் என்றால் அப்படி ஒரு மலர்ச்சியோடு திரும்பக் கூண்டில் விடுவார். விற்பனை ஆகாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் நசரத்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். விலங்குகளின் உரிமை பற்றித் தடிமனான புத்தகங்கள் மூன்று வைத்திருக்கிறேன். இரண்டைப் படித்தும் இருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் நான் பண்ணைக் கோழிகளின் துயரம் பற்றிப் பேச ஆரம்பித்தால், என் மனைவி ஒரு லெக் பீஸை எடுத்து என் தட்டில் வைப்பாள். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

இந்தத் தகுதிகளோடு நான் முதல்முறை அவர் கடைக்குப் போனேன். ஆர்டரைச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

"போன உள்ள வை சார்."

"ஏன்?"

"ரெண்டு கை வோணும்."

கோழி வந்தது. சூடாக இருந்தது. கோழி சூடாக இருக்கும் என்ற தகவல் அந்த மூன்று புத்தகங்களிலும் இல்லை. அல்லது நான் படிக்காத மூன்றாவதில் இருந்திருக்கலாம்.

"இன்னா சார், மேல ஃபேன பாத்துகினு கீற? கோயி கீய கீது."

"பார்த்தாச்சுங்க."

"அது உன்ன பாத்துச்சா?"

"அது எப்படிங்க எனக்குத் தெரியும்?"

"தெரியற வரிக்கும் நில்லு. எனுக்கு இன்னா அவசரம்?"

கோழி ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. என் வங்கி மேலாளர் கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பது போன்ற பார்வை. அன்று நான் வாங்கிக்கொண்டு வந்தது அரை டஜன் முட்டை. கோழி தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

அவரிடம் போனில் ஆர்டர் கொடுக்க முடியாது. நம்பரை யாருக்கும் தரமாட்டார். தந்தால் பார்க்காமல் வாங்கிவிடுவார்களாம். ஒரு நாள் ஓர் அம்மா காருக்குள் இருந்தபடியே கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, "போன்லெஸ் இருக்கா?" என்று கேட்டார்.

"எலும்பு இல்லாத கோயி இன்னும் பொறக்கலமா. பொறந்தா சொல்லி அனுப்புறேன். இப்போ எறங்கி வா, எலும்போட ஒண்ணு கீது, பாத்துக்கோ."

கண்ணாடி ஏறிவிட்டது.

இன்னொரு நாள், மொபெட்டின் இரண்டு பக்கமும் கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் அந்தச் சந்து வழியாகப் போகப் பார்த்தார். பாத்துக்கோ குறுக்கே போய் நின்றார்.

"எறங்கு நைனா. அந்தக் கம்பில ஒரு நிமிசம் தலகீயா தொங்கு. அப்பால வயி வுடறேன்."

"யோவ், வெளாட்றியா? ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிடும்யா."

"அதுங்களுக்கு மட்டும் இன்னா, வாலுக்கா ஏறும்?"

மொபெட்காரர் குனிந்து கோழிகளின் வாலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போனார். கோழிகள் தலைகீழாகவே போயின.

இவருக்கு ஏன் இந்த வேலை என்று நான் ஒருமுறை கேட்டேன். கறி வெட்டும் கட்டையைக் கழுவியபடியே சொன்னார்.

"பத்து வருசம் பண்ணைல லோடு ஏத்துனேன் சார். ஒரு கைக்கு அஞ்சு, ரெண்டு கைக்கு பத்து. காலப் புட்சி அப்டியே கூண்டுல வுட்டு அடிக்கறது. எத்தினி ஆயிரம் இருக்கும்? ஒண்ணு மூஞ்சி கூட நெனப்புல இல்ல சார். கால் மட்டும்தான் நெனப்பு கீது."

"அப்போ இந்தத் தொழிலையே விட்டுடலாமே?"

"வுட்டா துன்றவன் நிறுத்திடுவானா? வேற எங்கியாச்சும் போய் பாக்காம வாங்குவான். இங்கன்னா பாப்பான்ல?"

அதனால் அவர் பெரிய லாரிகளில் கோழி எடுப்பதில்லை. திருமழிசையைத் தாண்டி ஒரு சின்னப் பண்ணை. தன் வண்டியில் தானே போய், கூண்டுக்கு நாலு கோழி மட்டும் இடம்விட்டு உட்காரவைத்துக்கொண்டு வருவார். வழியில் வேகத்தடை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏற்றுவார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்பின் திருநெல்வேலித் தம்பி ஒரு காரியம் செய்தார். ஐ.டி.யில் வேலை. காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருப்பார். அமெரிக்காவோடு பேசிக்கொண்டே பணத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டுக் கையை நீட்டினார். பாத்துக்கோ கோழியைக் கொடுத்து "பாத்துக்கோ" என்றார். அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் தண்ணீர் லாரி வர, வண்டியை நகர்த்த ஓடினார். திரும்பி வந்தால் தம்பியும் இல்லை, கோழியும் இல்லை.

கோழி தம்பியின் மூன்றாவது மாடி பால்கனியில் இருந்தது. நான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் விசாரிக்கப் போனேன்.

"என்ன தம்பி இது?"

"அண்ணாச்சிதான் பாத்துக்கன்னு கையில குடுத்தாவ சார். சரி, ஊருக்குப் போறாவ போல, நாலு நாள் நாம பாத்துக்கிடுவோம்னு கொண்டாந்துட்டேன்."

"அப்ப பணம் எதுக்குக் கொடுத்தீங்க?"

"அது தீவனத்துக்குன்னுலா நெனச்சேன்."

ஒரே சொல்லுக்குக் கண்ணால் பார் என்றும் கவனித்துக்கொள் என்றும் பொருள் வைத்தால் இப்படித்தான் ஆகும். தமிழைக் குறை சொல்ல எனக்கு மனமில்லாததால், குடியிருப்பில் பிராணிகள் வளர்க்கக் கூடாது என்ற விதியிலிருந்து கோழிக்கு விதிவிலக்கு அளித்தேன்.

மூன்று வாரத்தில் கோழி நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. தம்பி பதறிப்போய்ப் பாத்துக்கோவை அழைத்து வந்தார். அவர் அதன் காலைத் தடவிப் பார்த்தார்.

"நோவு ஒண்ணியும் இல்ல தம்பி. இத செஞ்ச விதமே அப்டி. ஒன்ற மாசத்துல கறியாவறதுக்குன்னு செஞ்சது. ஒடம்பு வளருற வேகத்துக்குக் கால் தாங்காது. அதுக்கு மேல இது உசுரோட இருந்தா இன்னா பண்றதுன்னு எவனும் ரோசன பண்ணல."

மேலும் சில நாட்கள் அது தம்பியின் தலையணைமேல் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. தம்பி இப்போது மீன் மட்டும் சாப்பிடுகிறார்.

இப்படியெல்லாம் வியாபாரம் செய்தால் என்ன ஆகும்? கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடச் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, காலியாகவே கிடக்கும் கடை எதற்கு, மொபைல் கடைக்காரர் ஒருவர் கேட்கிறார், இந்த மாதமும் இப்படியே போனால் காலி செய்துவிடு என்று சொல்லிவிட்டார். இதைப் பாத்துக்கோ என்னிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் கெட்டது. அதே மாதக் கடைசியில் எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழா. நூற்றிருபது வீட்டுக்கும் சிக்கன் பிரியாணி. ஆர்டரை அவருக்குக் கொடுத்தால் கடை பிழைத்துக்கொள்ளும். செயலாளர் பதவியால் உலகுக்கு ஒரு நன்மை நடக்க அதுவே முதல் வாய்ப்பு.

"தர்ரேன் சார்," என்றார். "ஆனா ஊட்டுக்கு ஒருத்தர் வந்து பாக்கணும்."

"நூற்றிருபது பேரா?"

"நூத்தியிருவது ஊடும் துன்னும்ல?"

நிபந்தனையைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வீடியோ காலில் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். போட்டோ அனுப்பினால் கட்டைவிரல் காட்டிவிடுவதாக இன்னொருவர் சொன்னார். எங்கள் வீட்டில் குழம்பு மட்டும்தான் ஊற்றிக்கொள்வோம், நாங்களும் வர வேண்டுமா என்று ஒரு கேள்வி. நாங்கள் சுத்த சைவம், ஆனால் வந்து பார்க்கத் தயார் என்று பதினோரு வீட்டார் கை தூக்கினார்கள். சாப்பிடுபவர்களில் ஒருவரும் தூக்கவில்லை. கடைசியில், எல்லார் சார்பிலும் செயலாளரே பார்த்துவிட்டு வருவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பாத்துக்கோ வெகுநேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

விழா அன்று காலை ஏழு மணிக்கு நான் சந்தில் நின்றேன். சின்னப் பண்ணையில் அவ்வளவு கோழி கிடையாது என்பதால், வேறு வழியில்லாமல் அவர் லாரியில் லோடு சொல்லியிருந்தார். லாரி வந்தது. கூண்டின்மேல் கூண்டாக ஒன்பது அடுக்கு. கோழி எது, கூண்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நெரிசல். மேலடுக்கின் எச்சம் கீழடுக்கின் தலையில் வழிந்து காய்ந்திருந்தது. எல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சத்தமே இல்லை.

"வயில அஞ்சாறு பூட்ச்சி அண்ணாத்தே," என்றார் டிரைவர். "கயிச்சிக்கலாம். சீக்கிரம் எறக்கு."

பாத்துக்கோ ஒரு கூண்டைத் திறந்து ஒன்றை எடுத்தார். ஒரு கால் தனியாக ஆடியது. அதை என் கையில் கொடுத்தார். வழக்கமான அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

நான் பார்த்தேன். என் உள்ளங்கையில் அதன் இதயம் அடித்துக்கொண்டது. என் கைக்கடிகாரத்தைவிட வேகமாக. அது என்னைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

"இன்னா சார் சொல்ற?" என்றார்.

எனக்குக் கோழி தெரிந்தது. அதற்குப் பின்னால் அவர் கடையும் தெரிந்தது. லாரியைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் அங்கே மொபைல் கடை. படித்த இரண்டு புத்தகங்களிலிருந்தும் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

"இறக்கிடுங்க," என்றேன். "எப்படியும் இன்னும் ஒரு மணி நேரத்துல சாகப்போறதுதானே. யாருக்குத் தெரியப்போகுது?"

"உனுக்குத் தெரியுமே சார்," என்றார். "நூத்தியிருவது ஊட்டுக்கும் நீதான பாக்க வந்த?"

அப்புறம் டிரைவரிடம் திரும்பினார். "எத்துகினு போ."

"யோவ், காலங்காத்தால பேஜார் பண்ணாத. வந்துட்டாரு கோயி சாமியாரு! உன் ஒரு கட வாங்கலன்னா லாரி ரிவர்ஸ்ல பண்ணைக்குப் போவுமா? அடுத்த கடைக்குத்தான்யா போவும்."

"தெரியும்பா. கால் ஒட்ஞ்சது மட்டும் எறக்கிட்டுப் போ. அதுங்க இன்னொரு கடை வரிக்கும் தாங்காது."

ஏழு கோழிகள் இறங்கின. ஒவ்வொன்றாக நான் பிடித்துக்கொண்டேன், அவர் முடித்துவைத்தார். கத்தி நல்ல கூர். ஒன்றுக்குக்கூட இரண்டாவது வெட்டு தேவைப்படவில்லை. விழாவுக்காக நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை அதன்பின் எந்த விழாவுக்கும் போட முடியவில்லை.

மதியம் நூற்றிருபது வீட்டுக்கும் மீல் மேக்கர் பிரியாணி பரிமாறப்பட்டது. சுத்த சைவர்கள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் என்னை அன்று மாலையே பதவியிலிருந்து இறக்கினார்கள். எனக்கு இப்போது 'மீல் மேக்கர் சார்' என்று பெயர். லிஃப்டில் குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. என் சொந்தப் பெயர் கேஸ் புக்கிங்குக்கு மட்டும் பயன்படுகிறது.

மாதக் கடைசியில் கடை காலியானது. நான் போனபோது ஷட்டருக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். திருமழிசைப் பக்கம் அந்தப் பண்ணையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். இல்லை, ஆவடியில் வாட்ச்மேன் என்றும் சொன்னார்கள். பண்ணைக்குப் போய்ப் பார்த்தேன், இல்லை. ஆவடியில் எத்தனை வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நம்பரோ என்னிடம் இல்லை.

அவர் மனதில் நான் பிரியாணிக்காக "இறக்கிடுங்க" என்று சொன்ன ஆளாகவே இருப்பேன். அது பிரியாணிக்காக இல்லை, அவர் கடைக்காக என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதினேன்; இதை வெளியிடும் இந்தப் பத்திரிகை எல்லாச் சலூனுக்கும் போகிறது. அவர் எங்கே முடி வெட்டிக்கொள்கிறார் என்று தெரியாது. அதனால் பூந்தமல்லியிலிருந்து ஆவடிவரை ஒவ்வொரு சலூனாக ஏறி, இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வரப்போகிறேன். எனக்கு முடி கொஞ்சம்தான் இருக்கிறது, பரவாயில்லை.