'கொழுந்துப் பேய்' இரண்டாம் பாகம்: பிணமாக நடித்தவரின் அபிப்பிராயம்

மஞ்சூர்,
14.6.2001

அன்பு மருமகன் ரமேஷ்குமாருக்கு, தாய்மாமன் மருதாசலம் எழுதுவது. நானும் உன் அத்தையும் கம்பளிக்குள் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

நீ உதவி இயக்குநராக வேலை பார்த்த 'கொழுந்துப் பேய்' இரண்டாம் பாகத்தை ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் பார்த்தோம். மூடிக்கிடக்கும் எங்கள் டீ ஃபேக்டரியில் பத்து நாள் படம்பிடித்து, அங்கே வேலை பார்த்த எங்களையே பிணமாகப் படுக்கவைத்தீர்கள் அல்லவா, அதனால் ஒரு பஸ் நிறையப் போனோம். அபிப்பிராயம் கேட்டிருந்தாய். சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்தப் பேய். கொழுந்து பறிக்கும்போது செத்தவளாம், ஆனால் ஒற்றைக் கையால் ஒவ்வொரு தலையாக நிதானமாகத் திருகி எடுக்கிறாள். சிலோன் தோட்டத்திலிருந்தே கொழுந்து பறித்த மூக்கம்மா எழுந்து நின்று, "ரெண்டு கையும் ஓடாம இது என்னா பறிக்கிறது? கங்காணி பாத்தா அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேரு போடுவாரு" என்றாள். அடுத்து வில்லனைக் கொழுந்து உருட்டும் ரோலரில் தள்ளி அரைக்கிறீர்கள். முப்பது வருஷம் டீமேக்கராக இருந்து தூள் தயாரித்தவன் சொல்கிறேன், வாட்டாமல் எதையும் ரோலரில் போடக்கூடாது, மிஷின் அடைத்துக்கொள்ளும். ஆளை ஒரு நாளாவது காற்றில் உலரப் போட்டிருக்க வேண்டாமா? ரத்தம் மட்டும் நல்ல சிவப்பு. கலர் இல்லை, கலர் இல்லை என்றுதானே ஏலத்தில் எங்கள் தூளை ஒதுக்கினார்கள். அதில் பாதிக் கலர் இறங்கியிருந்தால் ஃபேக்டரி மூடியிருக்காது. எங்களோடு பிணமாக நடித்த கருப்புசாமியின் தலை உருண்டபோது விசில் அடித்தது அவர் சம்சாரம் தெய்வம்மாதான். "இந்த மனுசன் பேசாமக் கெடந்து இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றாள்.

ஒரே இடத்தில்தான் நாங்கள் சிரிக்கவில்லை. ஃபேக்டரியை மூடுவதாக மேனேஜர் கேட்டில் நோட்டீஸ் ஒட்டுகிறார், பேய் அதைக் கிழித்து அவர் வாயில் திணிக்கிறது. ஊட்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது எங்கள் கேட்டில் நிஜமாகவே ஒட்டிய நோட்டீஸ். ஓர் எழுத்துகூட மாற்றாமல் எடுத்திருக்கிறீர்கள்.

அத்தோடு விட்டீர்களா? கடைசியில் ஃபேக்டரிக்குத் தீ வைத்து எங்கள் எல்லாரையும் ஒரேயடியாகக் கொன்றுவிட்டீர்கள். திரும்பும்போது ஃபிட்டர் சில்வஸ்டர், "எல்லாரும் செத்தாச்சுங்க. மூணாம் பாகத்துக்கு நம்மள எப்படிக் கூப்புடுவாங்க?" என்றான். குந்தா வரைக்கும் பஸ்ஸில் அதுதான் பேச்சு. இந்த வருஷம் எங்களுக்கு வேலை என்று கிடைத்தது அந்தப் பத்து நாள்தான், தெரியுமா? இனிமேல் இப்படிப்பட்ட கண்றாவிக்குச் சொந்தக்காரர்களை இழுக்காதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். வெயிலில் அலையாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் மாமன்
மருதாசலம்

பின்குறிப்பு: மூன்றாம் பாகம் நிச்சயம் உண்டு என்று உன் அம்மா இப்போதுதான் போன் செய்தாள். மேலே எழுதியதை மனதில் வைக்காதே, அருமையான படம். செத்தவர்களை எப்படிக் கூட்டிவருவது என்று டைரக்டர் யோசித்தால், பேயாக வருகிறோம் என்று சொல். தலை இல்லாமல் வரச் சொன்னாலும் வருவோம். எந்த ஷிஃப்ட் என்று மட்டும் எழுது.